பழைய போனில் பெரிய பேட்டரி: அப்பாவின் போனுக்கு 6000 மாட்டலாமா?

சேரன்மகாதேவிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். அப்பாவுக்கு வாழைத் தோட்டம். கையில் இருப்பது 2017-இல் வாங்கிய ரெட்மி நோட் 4. வேறு போன் வாங்கித் தந்தாலும் தொடமாட்டேன் என்கிறார், தோட்டத்து மோட்டாரைப் போடுவதற்கு எந்த நம்பரை எங்கே அமுக்க வேண்டும் என்பதெல்லாம் கைக்கு அதில்தான் பழகியிருக்கிறது. காலையில் நூறு சதவீதத்தோடு கிளம்பினால் மதியச் சோற்றுக்கு வீடு திரும்புமுன் அணைந்துவிடுகிறது. ஆன்லைனில் அதே போனுக்கு, அதே அளவில், 6000 எம்ஏஎச் (எவ்வளவு கரண்ட் பிடிக்கும் என்பதற்கான அளவு) பேட்டரி 700 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரிஜினல் 4100தானே, இதை மாட்டினால் ஒன்றரை மடங்கு நிற்குமே, மாட்டலாமா அண்ணாச்சி என்று கேள்வி.

தம்பி, அந்த 6000 வேண்டாம். பேட்டரியை மாற்றுவது சரியான முடிவுதான், ஆனால் 4100 என்று போட்ட நல்ல புது பேட்டரியை மாற்றுங்கள். அப்பாவுக்கு அதுவே இப்போது இருப்பதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு பங்கு நிற்கும், ஏனென்றால் இத்தனை வருஷம் நம்ம ஊர் வெக்கையில் சட்டைப்பையில் கிடந்த பேட்டரியில் பாதி மிச்சம் இருந்தாலே பெரிய விஷயம். நீங்கள் புது பேட்டரியை ஒப்பிட வேண்டியது பெட்டியில் அச்சடித்த 4100-ஓடு இல்லை, இன்றைக்கு அதில் உண்மையில் மிஞ்சியிருக்கும் 2000 சொச்சத்தோடு.

ஏன் வேண்டாம் என்கிறேன் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பாளையங்கோட்டையில் பதினான்கு வருஷமாக போனைத் திறந்து மூடுகிற எனக்கே இது புரியச் சில காலம் ஆனது.

பேட்டரியில் கரண்ட் இருப்பது அதற்குள் அடுக்கியிருக்கும் பொருளில். லித்தியம் கோபால்ட் ஆக்சைடு ஒரு பக்கம், கிராபைட் இன்னொரு பக்கம், நடுவில் மெல்லிய தடுப்புத் தாள், இதைச் சுருட்டியோ மடித்தோ வெள்ளி நிறப் பைக்குள் அடைத்திருப்பார்கள். பையின் கொள்ளளவு எவ்வளவோ அவ்வளவு பொருள், அவ்வளவு கரண்ட். கணக்குக்காக உங்கள் பேட்டரி 95 மி.மீ. நீளம், 62 அகலம், 4 தடிமன் என்று வைத்துக்கொள்வோம். சுமார் 23.5 கன சென்டிமீட்டர் வருகிறது. 4100 எம்ஏஎச் பேட்டரியின் சராசரி வோல்டேஜ் 3.85, இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 15.8 வாட் அவர் (பேட்டரி கொடுக்கும் மொத்தச் சக்தியின் அளவு). அதாவது ஒரு லிட்டர் இடத்துக்கு 670 வாட் அவர். நல்ல பேட்டரிக்கு இது நியாயமான கணக்கு. இதே இடத்தில் 6000 என்றால் 23 வாட் அவர், லிட்டருக்கு 980 ஆகிவிடும். 700 ரூபாய் பேட்டரியில் அது நடக்கவே நடக்காது.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் நானே ஒன்றை வாங்கினேன். ஸ்டிக்கரில் பொன்னிற எழுத்தில் 6000. டவுனில் நகை வேலை செய்கிற நண்பரின் தராசில் வைத்தோம், 47 கிராம். என்னிடமிருந்த ஒரிஜினல் 4100-ஐ வைத்தோம், 60 கிராம். உண்மையான 6000 என்றால் எண்பது கிராமுக்கு மேல் இருக்க வேண்டும். அப்புறம் ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் மெல்ல நெம்பி உரித்தேன், உள்ளே இன்னொரு ஸ்டிக்கர், அதில் சின்ன எழுத்தில் 3000. மாட்டி, யூஎஸ்பி மீட்டர் (சார்ஜ் எவ்வளவு ஏறுகிறது என்று காட்டும் சின்னக் கருவி) வைத்து, முழுக்க இறக்கிய போனைச் சார்ஜ் போட்டால் 13 வாட் அவருக்கு மேல் ஏறவில்லை. நல்ல 4100 பேட்டரிக்கு அதே மீட்டரில் 17, 18 வரும் (சார்ஜ் ஏறும்போது கொஞ்சம் சூடாக வீணாகும், அதனால்தான் 15.8-ஐவிடக் கூடுதல்). ஆக 6000 என்று காசு கொடுத்து வாங்கியது ஒரிஜினலில் முக்கால் பங்குகூட இல்லை. வீட்டில் சமையலுக்கு எடை போடும் சின்னத் தராசு இருந்தால் போதும், எந்தப் பேட்டரியையும் மாட்டுவதற்கு முன்னால் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எடை பொய் சொல்லாது.

புது போன்களில் 6000, 7000 வருகிறதே, அதே மெலிசான பேட்டரியில் எப்படி என்று கேட்பீர்கள். அது சிலிக்கான் கார்பன் பேட்டரி. கிராபைட்டில் சிலிக்கான் சேர்த்தால் லித்தியத்தை அதிகமாகப் பிடித்து வைக்கும். ஆனால் அதற்கு ஏற்றும் வோல்டேஜும் வேறு, இறங்கும் கணக்கும் வேறு. கடைசிப் பங்கு கரண்டைக் குறைந்த வோல்டேஜில்தான் கொடுக்கும். உங்கள் அப்பாவின் போன் அதற்கு முன்னாலேயே காலி என்று முடிவு செய்து அணைந்துவிடும். அந்தப் பேட்டரியைப் பழைய போனில் கொண்டுவந்து வைத்தாலும் முழுப் பலன் கிடைக்காது.

அப்படியானால் பழைய போனில் பெரிய பேட்டரியே போட முடியாதா? முடியும், ஆனால் இடம் வேண்டும். பின்மூடியை நகத்தால் கழற்றும் போன்கள் இருந்தனவே, 2012-இல் வந்த சாம்சங் எஸ்3, அடுத்த வருஷம் வந்த எஸ்4, அவற்றுக்கெல்லாம் தடித்த பேட்டரியும் அதற்கேற்ற உப்பலான பின்மூடியும் சேர்த்தே விற்றார்கள். எஸ்4-இன் ஒரிஜினல் 2600 எம்ஏஎச், கூடுதல் பேட்டரி 7000-க்கு மேல்கூட வந்தது. போன் செங்கல் மாதிரி ஆகும், ஆனால் அது நேர்மையான 7000. பின்பக்கம் தடிமன் கூடியதால் கூடிய கரண்ட். இன்னும் அப்படி ஒரு போனை யாராவது வைத்திருந்தால் நான் தடுக்கமாட்டேன். ஒன்றே ஒன்று, அந்தச் சாம்சங் பேட்டரிகளில் என்எப்சி (போனை அருகில் வைத்தாலே தகவல் பரிமாறும் வசதி) ஆன்டெனா பேட்டரி ஸ்டிக்கருக்கு அடியிலேயே இருக்கும், மாற்றுப் பேட்டரியில் அது இல்லையென்றால் என்எப்சி வேலை செய்யாது. உங்கள் அப்பாவின் போன் மாதிரி உலோக முதுகு வைத்து மூடிய போனில் அந்த வழி கிடையாது.

இன்னொரு வழியைச் சிலர் செய்கிறார்கள், அதுதான் எனக்குப் பயம். வெளியே பெரிய செல் வாங்கி, பழைய பேட்டரியின் தலையில் இருக்கும் குட்டி போர்டையும் (வோல்டேஜ் அளவு மீறினால் சார்ஜை வெட்டும் காவல் இது) ஸ்ட்ரிப்பையும் (கனெக்டர் உள்ள மெல்லிய பட்டை ஒயர்) கழற்றி அதில் வைத்துப் பற்றவைப்பது. இதில் வோல்டேஜ் என்று ஒரு கண்ணி இருக்கிறது, தயவுசெய்து இதைக் கவனமாகப் படியுங்கள்.

எல்லா லித்தியம் பேட்டரியும் ஒன்று போலத் தெரிந்தாலும் எந்த வோல்ட் வரை ஏற்றலாம் என்பது மாறும். பழைய வகை 4.2 வோல்ட், அதன் ஸ்டிக்கரில் 3.7 என்று இருக்கும். அப்புறம் வந்தது 4.35, ஸ்டிக்கரில் 3.8. உங்கள் அப்பாவின் போன் காலத்தில் 4.4, ஸ்டிக்கரில் 3.85. ஸ்டிக்கரில் லிமிடெட் சார்ஜ் வோல்டேஜ் என்று ஒரு வரி இருக்கும், அதுதான் இந்த எண். போன் தன் பேட்டரியின் எண் என்ன என்று நம்புகிறதோ அது வரை ஏற்றும், உள்ளே வேறு செல் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. சென்னை ரிச்சி தெருவிலிருந்து வருகிற உதிரி செல்களில் பெரும்பாலானவை 3.7 வகை. அதை இந்த போனில் வைத்தால் போன் 4.4 வரை தள்ளும். 4.2-க்குச் செய்த செல்லை 4.4-க்கு ஏற்றினால் லித்தியம் கிராபைட்டுக்குள் போகாமல் அதன் மேலேயே உலோகமாகப் படிய ஆரம்பிக்கும், உள்ளே வாயு உண்டாகும், பை உப்பும், படிந்த உலோகம் முள்ளாக வளர்ந்து தடுப்புத் தாளைத் துளைத்தால் தீதான்.

செல்லோடு வந்த குட்டி போர்டு இருந்தால் அது காப்பாற்றிவிடும். 4.2 செல்லின் போர்டு 4.3 வோல்டை நெருங்கும்போதே வெட்டிவிடும், போனில் சார்ஜ் ஏறுவதும் நிற்பதுமாகத் தடுமாறும், எரிச்சலாக இருக்கும், ஆனால் ஆபத்து இல்லை. அந்தத் தடுமாற்றத்தைப் பார்த்துவிட்டு, இந்த போர்டு சரியில்லை, ஒரிஜினல் போர்டை வைப்போம் என்று மாற்றுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் தப்பு நடக்கிறது. ஒரிஜினல் போர்டு 4.4 செல்லுக்காகச் செய்தது, 4.45-ஐத் தாண்டித்தான் வெட்டும். தடுமாற்றம் நின்றுவிடும், எல்லாம் சரியாகிவிட்டது போலத் தெரியும், காவல் இல்லாமல் ராத்திரி முழுக்கச் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்.

நேர்மாறாக, 4.4 செல்லை 4.2 போனில் வைத்தால் பயம் இல்லை. முழுக்க ஏறாது, ஐந்தில் ஒரு பங்கு வரை குறைவாகக் கிடைக்கும், ஆனால் அந்தச் செல் நீண்ட நாள் உழைக்கும்.

அடுத்தது தடிமன். இந்த வகைப் பேட்டரி வயதாக ஆகக் கொஞ்சம் பருக்கும், பத்தில் ஒரு பங்கு வரைகூட. அதற்காகத்தான் கம்பெனிக்காரர்கள் பேட்டரிக்கும் மூடிக்கும் நடுவில் நூலிழை இடைவெளி விடுகிறார்கள். அதைப் பார்த்து, இங்கேதான் இடம் இருக்கிறதே என்று அரை மி.மீ. தடித்த பேட்டரியை வைக்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. மேலப்பாளையத்து ஆசிரியை ஒருவரின் போனில் அப்படி ஒன்றை வைத்து, மூடியும் சிரமமில்லாமல் அமர்ந்தது என்று சந்தோஷமாக அனுப்பினேன். நான்கு மாதம் கழித்துக் கொண்டுவந்தார், டிஸ்பிளேயின் ஒரு ஓரம் தூக்கி, நடுவில் வெள்ளையாக ஒரு திட்டு. திறந்தால் பேட்டரி பணியாரம் மாதிரி உப்பி டிஸ்பிளேயை அடியிலிருந்து தள்ளிக்கொண்டிருந்தது. காம்போ (டிஸ்பிளேயும் டச்சும் சேர்ந்த பாகம்) என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். அவர் அதைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துத் தூங்குகிறவர் என்று சொன்னது இன்றைக்கும் என் காதில் நிற்கிறது.

சாம்சங் நோட் 7 ஞாபகம் இருக்கும். 2016 ஆகஸ்டில் வந்து சில வாரங்களிலேயே திரும்பப் பெற்றார்கள். அடுத்த ஜனவரியில் கம்பெனியே காரணத்தைச் சொன்னது: முதலில் வந்த பேட்டரிகளில் மேல் மூலையில் இடம் போதாமல் உள்ளிருந்த தகடு மடங்கிவிட்டது, மாற்றிக் கொடுத்த பேட்டரிகளில் வெல்டிங் பிசிறு. அத்தனை பெரிய கம்பெனி அளந்து அளந்து செய்ததிலேயே ஒரு மூலை நெருக்கம் அந்தப் பாடு படுத்தியது.

வெப்பத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பேட்டரி கனெக்டரில் பிளஸ், மைனஸ் தவிர இன்னும் சில கால்கள் இருக்கும். ஒன்று இது எந்தப் பேட்டரி என்று போனுக்குச் சொல்லும் அடையாளக் கால், இன்னொன்று பேட்டரி எவ்வளவு சூடு என்று சொல்வது. 45 டிகிரிக்கு மேல் போனால் சார்ஜை நிறுத்தவோ குறைக்கவோ வேண்டும், அதை வைத்துத்தான் போன் முடிவெடுக்கிறது. மட்டமான பேட்டரி மாட்டினால் சில சமயம் வெப்பம் என்று எச்சரிக்கை வந்து சார்ஜ் ஏறாது. உடனே அந்தக் காலில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்து ஓட்டிவிடுவார்கள், போன் என்றைக்கும் 25 டிகிரி என்றே நினைத்துக்கொண்டிருக்கும். சித்திரை வெயிலில், தோட்டத்து மோட்டார் ரூமில், தகரத்துக்குக் கீழே சார்ஜ் போடுகிற போனில் இதைச் செய்யவே கூடாது. எந்தக் கடையில் கொடுத்தாலும் இதை மட்டும் வாய் திறந்து கேட்டுவிடுங்கள்.

சதவீதக் கணக்கும் குழம்பும். போன் உள்ளே போகிற, வெளியே வருகிற கரண்டை எண்ணிக்கொண்டே இருக்கிறது, மொத்தம் இவ்வளவு என்று ஒரு எண்ணை வைத்துக்கொண்டு சதவீதம் காட்டுகிறது. உண்மையிலேயே பெரிய பேட்டரி போட்டால் 1 சதவீதத்தில் ரொம்ப நேரம் நிற்கும். போலி பேட்டரி என்றால் 30 சதவீதம் காட்டும்போதே பொட்டென்று அணையும். புது பேட்டரி போட்ட பிறகு இரண்டு மூன்று தடவை முழுக்க இறக்கி, இடையில் எடுக்காமல் முழுக்க ஏற்றினால் கணக்கு ஓரளவு சரியாகும், அதற்குப் பிறகும் 30-இல் அணைந்தால் பேட்டரியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சரி, என்ன வாங்குவது. இந்தியாவில் விற்ற நோட் 4 ஸ்னாப்டிராகன் சிப் வைத்த போன், அதன் பேட்டரி நம்பர் பிஎன்43. பிஎன்41 என்று ஒன்று இருக்கிறது, அது மீடியாடெக் சிப் வைத்து வெளிநாட்டில் வந்த நோட் 4-க்கு. போன் பேர் ஒன்றுதானே என்று மாற்றி வாங்கிவிடாதீர்கள். ஸ்டிக்கரில் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும், ஐ.எஸ். 16046 என்ற எண்ணும், ஆர் என்று தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். பி.ஐ.எஸ். கேர் என்ற அரசு ஆப்பில் அந்த எண்ணைத் தட்டினால் யாருடைய பதிவு, எந்தப் பொருளுக்கு என்று வந்துவிடும். எண்ணையும் நகலெடுத்து ஒட்டுகிறவர்கள் உண்டு என்பதால் ஆப்பில் வரும் தயாரிப்பாளர் பேரும் ஸ்டிக்கரில் உள்ள பேரும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். தயாரித்த தேதி முக்கியம். பேட்டரி அலமாரியில் தூங்கினாலும் வயதாகும், நாலைந்து வருஷம் கடையில் கிடந்த ஒரிஜினலைவிடப் போன வருஷத்து நல்ல கம்பெனி மாற்றுப் பேட்டரி மேல். கையில் மல்டிமீட்டர் இருந்தால் வந்தவுடன் வைத்துப் பாருங்கள், 3.7-இலிருந்து 3.9 வரை இருந்தால் நல்லது, 3-க்குக் கீழே இருந்தால் வாங்கவே வேண்டாம்.

மாற்றுவதைக் கடையில் கொடுத்தே செய்யுங்கள் என்பேன். நானேதான் செய்வேன் என்றால், முதலில் போனை 25 சதவீதத்துக்குக் கீழே இறக்கிவிடுங்கள். சிம் டிரேயை எடுத்துவிட்டு மெல்லிய பிளாஸ்டிக் அட்டையால் ஓரத்தை நெம்புங்கள். விரல்ரேகை சென்சார் பின்மூடியில் இருக்கிறது, அதன் ஸ்ட்ரிப் போர்டோடு இணைந்திருக்கும், மூடியை விசுக்கென்று இழுத்தால் அது அறுந்துவிடும். இதற்காக மட்டும் மாதம் ஒரு போன் என்னிடம் வருகிறது. மற்ற எதையும் தொடுமுன் பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். பேட்டரிக்கு அடியில் பசை இருக்கும், கத்தி, ஸ்க்ரூடிரைவர் எதையும் அதற்கடியில் விடாதீர்கள், ஐசோபுரோபைல் ஆல்கஹால் நாலு சொட்டு ஓரத்தில் விட்டுச் சில நிமிடம் பொறுத்தால் பிளாஸ்டிக் அட்டையே போதும். மடங்கினாலோ ஓட்டை விழுந்தாலோ இனிப்பான நெயில் பாலிஷ் வாடை வரும். அந்த வாடை வந்தால் யோசிக்காமல் புறவாசலுக்குக் கொண்டுபோய் மணலில் வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள், புகையை மூச்சில் இழுக்காதீர்கள். நான் மேசைக்கு அடியில் ஒரு அலுமினியச் சட்டியில் ஆற்று மணல் எப்போதும் வைத்திருக்கிறேன்.

பேட்டரி மாற்றியும் மதியத்துக்குள் இறங்கினால் தோட்டத்தில் சிக்னல் எத்தனை கோடு என்று பாருங்கள். டவர் தூரமாக இருந்தால் போன் கத்திக் கத்திப் பேசுகிறது, அதற்கே பாதி கரண்ட் போகும். அப்பாவுக்குத் தோட்டத்தில் போன் கால் மட்டும்தான் என்றால் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். சார்ஜிங் பின் அசைந்தால் சிசி போர்டு (சார்ஜர் செருகும் இடத்தின் குட்டி போர்டு) தேய்ந்திருக்கும், நூறு என்று காட்டுவதே பொய்யாக இருக்கலாம், பேட்டரி மாற்றும்போதே அதையும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

நீங்கள் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள், 2023 டிசம்பர் வெள்ளத்தில் மூன்று நாள் கரண்ட் இல்லாமல் அப்பாவின் போன் அணைந்து, அவர் தோட்டத்துப் பக்கம் மாட்டிக்கொண்டாரா என்று தெரியாமல் தவித்தீர்கள் என்று. பெரிய பேட்டரி கேட்பதற்கு உண்மையான காரணம் அதுதான் என்று எனக்குப் படுகிறது. அந்த 17, 18 தேதிகளில் வண்ணார்பேட்டையில் எங்கள் வீட்டிலும் அதே நிலைமைதான். அதற்கு உள்ளே இருக்கும் பேட்டரியைப் பெரிதாக்கிப் பயன் இல்லை தம்பி, ஒரு பவர் பேங்க் வாங்கிக் கொடுங்கள். அதுவும் பி.ஐ.எஸ். பதிவோடு இருக்கட்டும். 10000 என்று போட்டிருப்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு, 37 வாட் அவர். 5 வோல்டுக்கு மாற்றும்போது கொஞ்சம் வீணாகி அப்பாவின் போனை ஒன்றே முக்கால் தடவை நிரப்பும். புது பேட்டரியும் இதுவும் சேர்ந்தால், போனை அளவாகப் பயன்படுத்தினால், மூன்று நாள் ஓடும். மாதம் ஒருமுறை பவர் பேங்கை எடுத்துப் பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்து வையுங்கள், வெயில் படாமல் தார்சாவில் மாடத்தில் இருக்கட்டும்.

கழற்றிய பழைய பேட்டரியைக் குப்பையோடு போடாதீர்கள், கனெக்டரில் செல்லோடேப் ஒட்டி, மாற்றிய கடையிலேயே கொடுங்கள், 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிப்படி அது மறுசுழற்சிக்குப் போக வேண்டியது. பேட்டரி வந்தவுடன் மாட்டுவதற்கு முன்னால் எடை எவ்வளவு, ஸ்டிக்கரில் லிமிடெட் சார்ஜ் வோல்டேஜ் எவ்வளவு, இந்த இரண்டையும் எனக்கு எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.